ஜேட்டை இனி விட்டுவிடலாம்

'பியொன்ட் குட் அண்ட் ஈவில் 2' எண்ட கேம் வருமா வராதா எண்டு கதைக்கிறவர்களை இப்போது இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒரு கூட்டம் ஒவ்வொரு ஜூன் மாதமும், இந்த முறையாவது ஏதாவது காட்டுவார்கள் எண்டு நம்பிக்கொண்டு இருக்கும். மற்றக் கூட்டம் அவர்களைப் பார்த்துப் பகிடி பண்ணும். சின்ன வகுப்பில் படிச்ச இலவு காத்த கிளி, முதல் கூட்டத்துக்காகவே எழுதப்பட்டது போல இருக்கும்.

நான் இரண்டு கூட்டத்திலும் இல்லை. என்னைக் கேட்டால், யுபிசொஃப்ட் கம்பனி இந்தக் கேமை ரத்துச் செய்ய வேண்டும். அது ஏலாது எண்டால், ஆராவது ஒரு பொறுப்பான ஆள் கமராவுக்கு முன்னால் வந்து, என்ன நடந்தது, இப்ப என்ன நிலைமை எண்டு முழுசாகச் சொல்ல வேண்டும். முதல் கேமை நேசிக்கிற ஆளாகத்தான் இதைச் சொல்றன்.

விளையாடாதவர்களுக்காக அந்த முதல் கேமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். 2003 நவம்பரில் வந்தது. ரேமனை உருவாக்கின மிஷெல் அன்செல்தான் தலைமை. பிரான்ஸின் மொன்பெலியே நகரத்தில் இருக்கிற யுபிசொஃப்ட் ஸ்டூடியோவின் படைப்பு. கதாநாயகி ஜேட், ஒரு புகைப்படப் பத்திரிகையாளர். ஹில்லிஸ் எண்ட கிரகத்தில் ஒரு வெளிச்சவீட்டில், யுத்தத்தில் அநாதையான பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கிறாள். கூட இருப்பது பேய்ஜ் மாமா. பன்றி முகம், நல்ல மனசு. கேம் தொடங்கின கையோடு வெளிச்சவீட்டுக்கு மேல் குண்டு மாதிரி ஏதோ விழும், பாதுகாப்புக் கவசம் வேலை செய்யாது. ஏனெண்டால் கரண்ட் பில் கட்டவில்லை! அந்தக் காசை உழைக்கத்தான் ஜேட் கமராவைத் தூக்கிக்கொண்டு கிரகத்தில் இருக்கிற மிருகங்களைப் படம் எடுத்து விற்கத் தொடங்குவாள். உலகத்தைக் காப்பாற்றப் போகிற ஒருத்தியின் கதையை நிலுவைப் பில்லில் தொடங்கின இன்னொரு கேமை நான் இதுவரை காணவில்லை.

பிறகு கதை இருட்டாகும். மக்களைப் பாதுகாக்க நிற்கிறம் எண்டு ஒலிபெருக்கியில் சொல்கிற படை ஒண்டு இருக்கிறது. ஆட்கள் காணாமல் போகிறார்கள். இரண்டுக்கும் இருக்கிற தொடர்பை ஜேட் படம் பிடிச்சு வெளியில் அனுப்ப வேண்டும். சண்டை போட அவளிடம் ஒரு தடி இருக்கிறது, ஆனால் கதையை முன்னுக்குத் தள்ளுவது கமராதான். படங்கள் வெளிவர வெளிவர, நகரத்துத் தெருக்களில் சனத்தின் முகம் மாறும், கதைக்கிற கதை மாறும். காணாமல் போனவர்களைத் தேடிப் போகிற ஒரு பெண்ணின் கதை எங்கட பக்கத்து ஆட்களுக்கு ஏன் இவ்வளவு ஒட்டுது எண்டு நான் விளக்கத் தேவையில்லை.

விமர்சகர்கள் பாராட்டினார்கள். கடையில் ஓடவில்லை. அதே மாதத்தில் அதே கம்பனி 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா: த சாண்ட்ஸ் ஒஃப் டைம்' கேமையும் இறக்கியிருந்தது. தன்னுடைய பிள்ளைகள் இரண்டையும் ஒரே பந்தியில் இருத்தி ஒண்டுக்குச் சோறு போட மறந்த மாதிரி. ஆனாலும் கேமின் கடைசியில் கதை அந்தரத்தில் நிற்பதால், விளையாடினவர்கள் அடுத்த பாகத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். சத்தமாகவும், வருசக்கணக்காகவும்.

2008 மே மாதம் அதற்குப் பதில் வந்தது. பரிஸில் நடந்த யுபிசொஃப்ட் நிகழ்வில் ஒரு சின்ன வீடியோ: பாலைவனம், ஒரு வண்டி, பக்கத்தில் ஜேட்டும் பேய்ஜும். அடுத்த வருசம் இன்னொரு வீடியோ கசிந்தது. ஜேட் ஒரு சந்தைத் தெருவுக்குள்ளால் ஓடுவாள். பிறகு கிணத்துக்குள் போட்ட கல்லுத்தான். 2017 ஜூனில், லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஈ3 கண்காட்சி மேடையில் திரும்பவும் அறிவித்தார்கள், புது ட்ரெய்லரோடு. அடுத்த வருசம் இன்னொரு ட்ரெய்லர். 2022இல், அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையில் பதினாலு வருசம் இழுபட்டு 2011இல் வந்த 'டியூக் நியூக்கெம் ஃபொரெவர்' கேமின் சாதனையையும் இது முறியடித்தது. ஒரு வித்தியாசம்: டியூக் எப்படியோ ஒரு நாள் கடைக்கு வந்தது. வந்த கேம் படுமோசம் எண்டது வேற கதை.

2017 ட்ரெய்லரைத் திரும்பப் போட்டுப் பாருங்கோ. அழகுதான், பொய் சொல்லக் கூடாது. பிரமாண்டமான பிள்ளையார் சிலை இருக்கிற நகரம், அதன் பெயரே கணேஷா சிட்டி. கெட்ட வார்த்தையால் மூச்சு விடுகிற ஒரு குரங்கு. வானத்தைக் கிழிச்சுக்கொண்டு போகிற கப்பல்கள். ஆனால் அதில் விளையாட்டு ஒரு செக்கனும் இல்லை, எல்லாம் அனிமேஷன் படம். அதோட ஜேட்டும் இல்லை. ஏனெண்டால் இது முதல் கேமுக்கு முந்தின காலத்தில் நடக்கிற கதையாம். அதாவது 2003இல் அந்தரத்தில் விட்ட முடிச்சு அப்படியே இருக்கும், இவர்கள் அதற்கு முந்தின தலைமுறையின் கதையைச் சொல்லப் போகிறார்கள். அடுத்த ட்ரெய்லரின் கடைசியில் ஜேட் முகத்தைக் காட்டினார்கள், ஆனால் வில்லியின் தோரணையில்.

என்னைப் பொறுத்தவரை பிரச்சினையின் வேர் இங்கதான் இருக்கிறது. ரசிகர்கள் கேட்டது ஒரு அத்தியாயம். முதல் கேம் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் முடிகிற சாமான். ஒரு நகரம், ஒரு கடல், சில தீவுகள், ஒரு நிலவு, அவ்வளவுதான். அந்தச் சின்ன இடத்தை அவ்வளவு அன்பாகச் செய்திருந்தபடியால்தான் அது மனசில் நிண்டது. சந்தியில் நிற்கிற காண்டாமிருக மெக்கானிக்குகளைக்கூட விளையாடினவர்கள் மறக்கவில்லை. இரண்டாம் பாகத்துக்கு இவர்கள் வாக்குக் கொடுத்தது ஒரு முழுச் சூரியக் குடும்பத்தை. ஒரு வீட்டு அறையில் இருந்து வெளிக்கிட்டு, கப்பலில் ஏறி, வளிமண்டலத்தைத் தாண்டி, இன்னொரு கிரகத்தில் இறங்கலாம். இடையில் எந்த லோடிங்கும் இல்லை. நண்பர்களோடு சேர்ந்து விளையாடலாம் எண்டார்கள். இது ஒரு பொறியியல் கனவு. கதை சொல்கிறவர்களின் கனவு மாதிரி எனக்குத் தெரியவில்லை. மகாவலிக்குக் குறுக்கே பாலம் கேட்ட ஊருக்கு, கடலுக்கு மேலால் பாலம் கட்டித் தாறம் எண்டு அடிக்கல் வைத்த மாதிரி. அடிக்கல் பெரிசு, படம் பெரிசு, கை தட்டலும் பெரிசு. ஆத்தைக் கடக்கிறதுக்கு இன்னும் வள்ளம்தான்.

இன்னொரு விசயம், இதைப் பற்றி ஆக்கள் போதிய அளவு கதைக்கிறதில்லை. 2018இல் நடிகர் ஜோசஃப் கோர்டன்-லெவிட் அதே மேடைக்கு வந்தார். அவருடைய ஹிட்ரெக்கோர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு திட்டம்: ரசிகர்களே இந்தக் கேமுக்கான பாட்டு, ஓவியம், சுவர்ப் படம் எல்லாம் செய்து அனுப்பலாம். தெரிவாகிறதுக்குக் கொடுப்பனவு உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அனுப்புகிற எல்லாரும் வேலை செய்கிறார்கள், காசு கிடைப்பது தெரிவாகிறவர்களுக்கு மட்டும். அந்த நாளிலேயே இந்தத் துறையில் வேலை செய்கிற ஓவியர்களும் இசைக்காரரும் இதைக் கண்டித்தார்கள். சும்மா செய்து காட்டு, பிடிச்சால் காசு தாறம் எண்டு ஆராவது ஒரு மேசனிடம் கேட்க ஏலுமா? அன்பு இருக்கிற இடத்தில் மட்டும்தான் இப்படிக் கேட்கலாம். இப்ப எத்தனையோ வருசம் போயிட்டுது. அந்தப் பாட்டுகளும் படங்களும் போய்ச் சேரவேண்டிய கேம் இன்னும் இல்லை.

இதில் இருக்கிற முரண்நகையைக் கவனியுங்கோ. இரண்டாம் பாகத்தின் கதையில் மனிதரும் மிருகமும் கலந்த உயிர்கள் வருகின்றன. கம்பனிகள் மலிவான கூலிக்கு, இல்லை, அடிமைகளாக உருவாக்கின உயிர்கள். கூலி இல்லாத உழைப்புக்கு எதிராகக் கிளம்புகிற கடற்கொள்ளையரின் கதையை விளம்பரம் செய்ய இப்படி ஒரு திட்டம். எழுதின ஆட்கள் சிரிச்சிருப்பார்களா அழுதிருப்பார்களா தெரியாது.

இனி ஸ்டூடியோவுக்குள் இருந்தவர்களின் கதை. 2020 செப்டெம்பரில் அன்செல் கேம் துறையையே விட்டு விலகுவதாக அறிவித்தார், காட்டு விலங்குச் சரணாலய வேலைக்குப் போகிறாராம். அறிவிப்பு வந்து ஒரு கிழமைக்கிடையில் பிரெஞ்சுப் பத்திரிகையான லிபெரசியோன் வேறொரு கதையை வெளியிட்டது. அவருடைய தலைமையின் கீழ் வேலை செய்தவர்கள் முறைப்பாடு செய்திருந்தார்கள், நிறுவனத்துக்குள் விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பாராட்டுவார், இன்னொரு நாள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்வார், ஆட்கள் களைத்து விழுந்தார்கள் எண்ட மாதிரியான குற்றச்சாட்டுகள். அன்செல் அவற்றை மறுத்தார். எது எவ்வளவு உண்மை எண்டு தூரத்தில் இருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு ஏலாது. ஆனால் 2022 தொடக்கத்தில், இந்தக் கேம் இன்னும் முன்தயாரிப்புக் கட்டத்திலேயே நிற்பதாக புளூம்பேர்க் செய்தியாளர் ஜேசன் ஷ்ரையர் தெரிவித்தார். இரண்டாம் முறை அறிவித்து அப்போதே நாலரை வருசம்.

2023 தொடக்கத்தில் இன்னொரு செய்தி. மொன்பெலியே ஸ்டூடியோவில் சுகவீன லீவில் போகிறவர்களின் எண்ணிக்கை கூடினபடியால் தொழில் பரிசோதகர்கள் விசாரணைக்கு வந்திருக்கிறார்கள். இந்தக் கேமில் வேலை செய்கிறவர்கள் அதிகம் இருக்கிற ஸ்டூடியோ அது. அதே வருசம் ஜூலையில், கேமின் படைப்பு இயக்குநராக இருந்த எமில் மொரெல் திடீரெண்டு காலமானார். நாற்பது வயது. அவருடைய மரணத்தையும் வேலையையும் நான் இணைக்கவில்லை, ஆரும் இணைக்கவும் கூடாது. வாழ்க்கையின் எத்தனையோ வருசத்தை ஒரு வேலைக்குக் கொடுத்த ஒரு ஆள், அதை உலகம் பார்க்க முதல் போய்விட்டார் எண்டதை மட்டும் சொல்றன். ரசிகர்கள் "எப்ப வரும்?" எண்டு கேட்கும்போது இப்படியான ஆட்கள் அந்தக் கேள்விக்குள் வருவதில்லை. திகதி மட்டும்தான் வரும்.

தாமதம் எண்டால் எல்லாமே இப்படித்தான் எண்டு நினைக்க வேண்டாம். 'ஹொலோ நைட்: சில்க்சோங்' 2019 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டு 2025 செப்டெம்பரில் வந்தது. ஆறரை வருசம். இடையில் அதைச் செய்த டீம் செரியும் பெரிசாக வாய் திறக்கவில்லை, ரசிகர்கள் கோமாளி வேசம் போட்டுத் தங்களைத் தாங்களே நக்கலடிக்கிற அளவுக்குப் போனது. ஆகவே மௌனம் மட்டும் குற்றம் எண்டு என்னால் சொல்ல ஏலாது. அடிலெய்டில் இருக்கிற ஒரு சின்னக் கூட்டம் அது. முதல் கேம் உழைச்ச காசு கையில் இருந்தது, நேரமும் அவர்களுடையது. செய்யச் செய்ய ஆசையாக இருந்தது, அதுதான் நீண்டது எண்டு பிறகு சொன்னார்கள். அந்தத் தாமதத்தின் செலவை அவர்களே சுமந்தார்கள். கேமை 20 டொலருக்கு விற்றார்கள்.

பெரிய கம்பனி எண்டால் அப்படிச் செய்ய ஏலாது எண்டு சொல்ல வாறீங்களா? 2017 ஜூன், அதே ஈ3. நின்டென்டோ 'மெட்ரொயிட் பிரைம் 4' எண்டு ஒரு பெயர்ப் பலகையை மட்டும் காட்டியது. 2019 ஜனவரியில் நின்டென்டோவின் ஷின்யா தகஹாஷி ஒரு வீடியோவில் வந்தார். செய்தது எங்கட தரத்துக்கு வரவில்லை, எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்குகிறம், பழைய பிரைம் கேம்களைச் செய்த ரெட்ரோ ஸ்டூடியோஸிடம் கொடுக்கிறம் எண்டு சொல்லி மன்னிப்புக் கேட்டார். நாலு நிமிசமும் இல்லை. பங்குதாரர்கள் இருக்கிற கம்பனிதான் அதுவும். பிறகு பல வருசம் ஒண்டும் காட்டவில்லை, ஆனால் என்ன நடந்தது எண்டு தெரிஞ்சபடியால் காத்திருந்தவர்கள் விசரராக்கப்படவில்லை. கேம் 2025 டிசம்பரில் வந்தது. எல்லாருக்கும் பிடிச்சதா இல்லையா எண்டு சண்டை பிடிக்க ஒரு கேமாவது கையில் இருக்கிறது.

யுபிசொஃப்டிடம் கேட்டால் வாற பதில் ஒரே வசனம்: வேலை நடந்துகொண்டு இருக்கிறது. ரத்துச் செய்யவில்லை எண்டதையே நல்ல செய்தியாக வாங்கப் பழகிப்போனம். 2024 ஜூனில் முதல் கேமின் 20ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தது. நல்ல பதிப்புத்தான். அதற்குள் ஒரு புதுத் தேடலை வைத்து, ஜேட்டின் கடந்த காலத்தையும் இரண்டாம் பாகத்தையும் இணைத்திருந்தார்கள். இல்லாத கேமுக்கு வைத்த அந்த இணைப்பையும் சேர்த்து எங்களுக்கு விற்றார்கள் எண்டு சொன்னால் கோவிக்காதேங்கோ. அந்த ஸ்டூடியோவுக்கு ஆற்றல் இல்லையெண்டும் இல்லை. அதே வருசம் ஜனவரியில் அதே மொன்பெலியேதான் 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா: த லொஸ்ட் க்ரௌன்' எண்ட அருமையான கேமை முடிச்சு வெளியிட்டது. அளவான கேம், தெளிவான எல்லை. சில மாதத்தில் அந்த அணியைக் கலைத்து ஆட்களை வேறு வேலைகளுக்குப் பிரிச்சு அனுப்பினார்கள்.

ரசிகர்களின் இன்னொரு பயம், கேம் வந்தால் என்ன எண்டது. இதை விளையாட எப்போதும் இணையத் தொடர்பு வேணும் எண்டு 2018இலேயே சொல்லப்பட்டது. டேட்டா முடியிறதைப் பார்த்துப் பார்த்து விளையாடுகிற எங்களுக்கு அதுவே ஒரு தலையிடி. அதைவிடப் பெரிய பிரச்சினை: இதே கம்பனி 2014இல் வெளியிட்ட 'த க்ரூ' எண்ட கார் ஓட்டக் கேமின் சேர்வர்களை 2024 மார்ச் 31ஆம் திகதி நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கினவர்களும் அதற்குப் பிறகு விளையாட முடியாது. அந்தக் கோபத்தில்தான் ஐரோப்பாவில் 'ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்' எண்ட இயக்கமே தொடங்கியது. பதினேழு வருசத்துக்கு மேல் காத்திருந்து கிடைக்கிற கேமை, பத்து வருசத்தில் ஒரு சுவிட்சால் நிறுத்தலாம் எண்டால்? 2003 கேமின் டிஸ்க் இப்பவும் ஓடும்.

ரத்துச் செய் எண்டு சொல்வது லேசு, அங்க வேலை செய்கிறவர்களின் கதி என்ன எண்டு ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. இந்தத் துறையில் ரத்து எண்ட சொல்லுக்குப் பின்னால் ஆட்குறைப்பு எண்ட சொல்லும் வரும், கடைசி இரண்டு மூண்டு வருசத்தில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தம். ஆனால் முடிவில்லாத வேலையும் ஒரு வேலைப் பாதுகாப்பு இல்லை. பெயரைப் போட ஒரு கேமும் இல்லாமல் எட்டு வருச உழைப்போட ஒருத்தர் அடுத்த இடத்துக்கு வேலை கேட்டுப் போனால் எதைக் காட்டுவார்? அந்த ஆட்களிடம் இருக்கிற திறமையைக் கொண்டு லொஸ்ட் க்ரௌன் அளவில் ஒரு ஜேட் கேம் செய்யலாம். ஒரு நகரம், ஒரு கமரா, பன்னிரண்டு மணித்தியாலம், இணையம் தேவையில்லை. சூரியக் குடும்பத்தை ஆருக்கும் வேண்டாம். அதை முகாமைத்துவம் செய்யுமா எண்டு கேட்டால், இவ்வளவு காசு கொட்டின பிறகு செய்யாது எண்டுதான் நினைக்கிறன். கொட்டின காசுதான் இப்ப இந்தக் கேமைப் பிடிச்சுக்கொண்டு நிற்கிறது.

ஆகவே ரசிகர்கள் செய்யக்கூடியது சின்ன விசயங்கள். அடுத்த ட்ரெய்லர் வந்தால், விளையாட்டைக் காட்டும் வரைக்கும் கை தட்டாமல் இருக்கலாம். திகதியைக் கேட்கிற இடத்தில், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஆர் தலைமை, விசாரணையின் முடிவு என்ன, ரசிகர்கள் அனுப்பின வேலைகளுக்கு என்ன நடந்தது எண்டு கேட்கலாம். அங்க உள்ள தொழிற்சங்கங்கள் கதைக்கும்போது அதையும் ஒரு கேம் செய்தியாகப் பகிரலாம்.

முதல் கேமை இன்னும் விளையாடாதவர்கள் விளையாடுங்கோ. பழைய பதிப்பே போதும், பழைய லப்டொப்பிலும் ஓடும். கமராவைப் பாவிக்கப் பழக அரை மணித்தியாலம் எடுக்கும், எரிச்சல் வரும், பொறுங்கோ. கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கின உடனே எழும்பிப் போய்விடாதேங்கோ, அதற்குப் பிறகும் ஒரு காட்சி இருக்கு.